பெரணியின் வம்ச மரம்: இலை பறிப்பதிலிருந்து காலம் கணிப்பது வரை

குளத்தோரச் சேற்றில் படரும் ஆரைக்கீரையையும், மாட்டுத் தீவனத்துக்காகத் தொட்டியில் வளர்க்கும் அசோலாவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று நான்கு சிற்றிலை விரித்த கீரை. மற்றது தண்ணீர்மேல் பாய் விரித்தாற்போல் மிதப்பது. உறவு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் இரண்டும் பெரணிகள் (ஃபெர்ன்), பூக்காமல் ஸ்போர் என்ற நுண்தூளால் பெருகுபவை. டிஎன்ஏ இரண்டையும் சால்வினியேல்ஸ் என்ற ஒரே வரிசையில் பங்காளிகளாக உட்காரவைக்கிறது. கொல்லிமலையில் ஆட்டுக்கால் போல ரோமத்தோடு விற்கும் முடவாட்டுக்காலும் ஒரு பெரணியின் தண்டுதான். ஆனால் இவற்றுக்குத் தூரத்துச் சொந்தம்.

குதிரைவால் எனப்படும் ஈக்விசிட்டத்தை 'பெரணிக்கு அண்டை வீட்டுக்காரர்' என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் வெளியே நிறுத்தியிருந்தன. 2001இல் கேத்லீன் பிரையர் குழுவினர் மரபணுத் தரவைக் கொண்டு அதைப் பெரணிக் குடும்பத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். பெரணிபோலவே ஸ்போரால் பெருகும் செலாஜினெல்லாவும் லைக்கோபோடியமும் வெளியே தனிக் கிளையாகப் போயின. இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் டெரிடோஃபைட். 2016இல் வெளியான டெரிடோஃபைட் வகைப்பாடு, பெரணிகளை மட்டும் பத்தாயிரத்து ஐந்நூறு இனங்களுக்கு மேல் கணக்கிடுகிறது.

டிஎன்ஏவைப் படித்து இப்படி வம்ச மரம் வரையும் வேலையைச் செய்வது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். பூக்கும் தாவரங்களுக்கு எழுதிய செய்முறையைப் பெரணிக்கு அப்படியே பிடித்தால் மூன்று இடங்களில் சறுக்கும்: பொது பிரைமர்கள் (டிஎன்ஏ நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு இழைகள்) ஒட்டாது, உட்கரு மரபணுத்தொகை மலைபோல் பெரிது, கலப்பினங்கள் எங்கும் நிறைந்திருக்கும். மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. பசுங்கணிகம், சோதித்த பெரணிகளில் பெரும்பாலும், தாயிடமிருந்து மட்டும் வருகிறது. அதை மட்டும் படித்து மரம் வரைந்தால் கிடைப்பது தாய்வழிப் பட்டியல். தகப்பன் யார் என்று அதில் எழுதியிருக்காது.

கேள்வி, மாதிரி, அனுமதி

முதலில் கேள்வியை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். 'இந்தப் பேரினம் ஒரே மூதாதையிலிருந்து வந்ததா?' என்பதற்குப் பசுங்கணிக மரபணு இரண்டு போதும். 'இந்த நான்மடிய (குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் நான்குள்ள) இனத்தின் பெற்றோர் யார்?' என்பதற்குப் பசுங்கணிகம் மட்டும் போதவே போதாது. கேள்வி மாறினால் மாதிரிப் பட்டியலும் மரபணுப் பட்டியலும் மாறும். பாதி வேலை முடிந்தபின் இதைக் கண்டுபிடிப்பது செலவு.

ஒவ்வொரு இனத்துக்கும் குறைந்தது இரண்டு செடி, தொலைவான இரண்டு இடங்களிலிருந்து. பரவலான இனமென்றால் நான்கைந்து. மரத்தின் வேர் எங்கே என்று காட்டும் வெளிக்குழுவாக நெருங்கிய இரண்டு பேரினங்களிலிருந்து மூன்று நான்கு இனங்கள். ஒரே ஒரு வெளிக்குழு வைத்தால், அது தவறாக அடையாளம் காணப்பட்டதென்று பின்னால் தெரியவரும்போது முழு மரத்தின் வேரும் ஆட்டம் காணும்.

களத்துக்குப் போகுமுன் டிஎன்ஏ வரிசைகளின் பொதுக் களஞ்சியமான ஜென்பேங்க்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2022இல் வந்த திறந்தநிலைப் பெரணி மரமான 'ஃபெர்ன் ட்ரீ ஆஃப் லைஃப்' 5500க்கும் மேற்பட்ட இனங்களை அடுக்கி வைத்திருக்கிறது. உங்கள் பேரினத்தில் எது விடுபட்டிருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். ஜென்பேங்க் வரிசை எதையும் எடுக்குமுன் ஹெர்பேரிய (உலர்தாவரக் காப்பக) மாதிரி எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை மரத்தின் தூணாக வைக்காதீர்கள்.

இந்தியாவில் காட்டுக்குள் பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்படி சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறை தனி. மரப்பெரணியான சயாத்தியா இனங்கள் அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ளவை. எல்லை தாண்ட அதற்கும் தாள் வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், முதலிலேயே தொடங்குங்கள்.

இலை எடுப்பது

நன்கு விரிந்த, முற்றாத சிற்றிலை ஒன்றிரண்டு, மொத்தம் நான்கைந்து சதுர சென்டிமீட்டர் போதும். சுருண்ட குருத்தை எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள். அதில் வழவழப்பான பிசின் அதிகம், சாறு பின்னால் ஜெல்லி போலாகிவிடும். கிழட்டு இலையில் பழுப்புச் சாயம் அதிகம்.

பறித்ததை ஈரத்துணியால் இருபுறமும் துடையுங்கள். மழைக்காட்டுப் பெரணி இலைமீது பாசியும் லிவர்வோர்ட் என்ற பாசிபோன்ற சிறுசெடியும் பூஞ்சையும் குடியிருக்கும். அதைவிட மோசம், பக்கத்துப் பெரணியின் ஸ்போர்த் தூள். முதிர்ந்த ஸ்போர்க் குவியல் உள்ள பகுதியை டிஎன்ஏவுக்கு எடுக்காமலிருப்பதே நல்லது.

டீ பேக் அல்லது காபி வடிகட்டும் தாளில் இலையைப் போட்டு, ஜிப் பையில் இலை எடையைப்போல் பத்து மடங்கு சிலிகா ஜெல்லோடு மூடுங்கள். ஆரஞ்சு மணிகள் நிறம் மாறினால் அன்றிரவே புது சிலிகா மாற்றுங்கள். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இலை விரலால் நொறுங்க வேண்டும். ஒரே செல் தடிமனுள்ள மெல்லிலைப் பெரணிகள் சீக்கிரமே காய்ந்துவிடும். அலையாத்திக் காட்டில் வளரும் அக்ரோஸ்டிக்கம் தோல்போன்ற இலைக்காரர். துண்டாக நறுக்காவிட்டால் உள்ளே பழுத்துப் பழுப்பாகிவிடும். பழுப்பான இலையில் டிஎன்ஏ துண்டு துண்டாகியிருக்கும்.

அதே செடியிலிருந்து மட்டநிலத்தண்டுடன் முழு இலை ஒன்றை அழுத்தி ஹெர்பேரியத் தாளாக்குங்கள். பெரணியில் தண்டின்மேலுள்ள செதில்கள்தான் இன அடையாளத்துக்குப் பெரிய சாட்சி. செதிலில்லாமல் வெறும் இலை நுனி ஒட்டிய தாள் நாளைக்கு யாருக்கும் உதவாது. ஸ்போர் உள்ள சிற்றிலை ஒன்றைத் தனியே மடித்த காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் வேண்டாம், ஸ்போர் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்போர் எண்ணாமல் ஆய்வகத்துக்குப் போகாதீர்கள்

அரைமணி நேர வேலை, செலவு கிட்டத்தட்ட இல்லை. இதைத் தவிர்த்துவிட்டுப் பின்னால் மரத்தைப் பார்த்துத் தலையைச் சொறிபவர்கள் அதிகம்.

முற்றிப் பழுப்பேறியும் இன்னும் வெடிக்காத ஸ்போர்ப்பை ஒன்றை ஊசியால் எடுத்து, ஸ்லைடில் ஒரு சொட்டு கிளிசரினில் வையுங்கள். காய்ந்த ஸ்லைடில் வைத்தால் பையைச் சுற்றியுள்ள வளையம் காற்றுப்பட்டு விண்ணென்று சுண்டிவிடும், ஸ்போர்கள் மேசையெங்கும் பறக்கும். கிளிசரினில் வளையம் அடங்கும். கவர்ஸ்லிப் போட்டு ஊசி முனையால் மெல்லத் தட்டினால் பை திறந்து ஸ்போர்கள் பரவும். எண்ணுங்கள். ஒரு செடிக்குக் குறைந்தது ஐந்து பை.

பெரும்பாலான மெல்லுறைப் பெரணிகளில் (ஸ்போர்ப்பைச் சுவர் ஒரே செல் தடிமன் உள்ளவை) 64 ஸ்போர் என்றால் வழக்கமான பாலினப்பெருக்கம். 32 பெரிய, உருண்டையான ஸ்போர் என்றால் கருவுறாமலே தலைமுறை எடுக்கும் அபோகாமிச் செடியாக இருக்க வாய்ப்பு மிகுதி. டெரிஸ், கீலாந்தஸ் கூட்டத்தில் இது சகஜம். இவற்றில் பல மும்மடியங்கள். வற்றி, சுருங்கி, கறுத்து, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகக் கிடந்தால் மலட்டுக் கலப்பினம் என்று சந்தேகப்படுங்கள். பிறகு முப்பது ஸ்போரின் நீளத்தை அளந்து சராசரி எடுங்கள். ஒரே இனக்கூட்டத்துக்குள் பன்மடியச் செடியின் ஸ்போர் பொதுவாகப் பெரிது. இது சாட்சி மட்டும், தீர்ப்பு அல்ல.

தீர்ப்பு வேண்டுமானால் குரோமோசோம் எண்ண வேண்டும். வெண்மை மாறாத இளம் ஸ்போர்க் குவியலை எத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு கலவையில் நிலைப்படுத்தி, அசிட்டோகார்மினில் நசுக்கிப் பார்ப்பது பழைய முறை, இன்றும் செல்லுபடி. தாவரவியலாளர்கள் ஐரீன் மான்டனும் ஸ்லெட்ஜும் 1954இல் வெளியிட்ட இலங்கைப் பெரணிகளின் குரோமோசோம் கணக்கு இவ்வகை வேலைதான். தென்னிந்தியப் பெரணிகளில் கைவைப்பவர் முதலில் புரட்ட வேண்டியதும் அதுவே. எண்ணப் பொறுமை வேண்டும்: ஓஃபியோகிளாசம் ரெட்டிகுலேட்டத்தில் 1440 குரோமோசோம்கள், தாவரங்களிலேயே அதிகமாக அறியப்பட்ட எண்ணிக்கை. புத்தம்புது இலை கையிலிருந்தால் உட்கருவின் டிஎன்ஏ அளவை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி விரைவு. பெரணியின் ஃபீனால்கள் உட்கருவைச் சாயத்தோடு சேரவிடாது என்பதால் பஃபரில் ஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபியைக் கூட்டிப் போடுங்கள்; இலைப்பரப்பு சரிவராவிட்டால் காம்பை நறுக்கிப் பாருங்கள்.

டிஎன்ஏ பிரித்தெடுப்பது

காய்ந்த இலை 20 மில்லிகிராம். அதிகம் போட்டால் அதிகம் கிடைக்கும் என்று நினைத்து 100 போடுவதுதான் முதல் பிழை. கிடைப்பது டிஎன்ஏ அல்ல, பிசினும் சாயமும்.

செல்லை உடைத்து டிஎன்ஏவை வெளிக்கொணரும் சிடிஏபி பஃபர்: சிடிஏபி 2 சதவீதம், உப்பு 1.4 மோலார், இடிடிஏ 20 மில்லிமோலார், ட்ரிஸ் 100 மில்லிமோலார் பிஹெச் 8, பிவிபி 2 சதவீதம். பயன்படுத்தும் அன்று மட்டும் பீட்டா மெர்காப்டோஎத்தனால் 0.2 சதவீதம், ஃப்யூம் ஹூடுக்குள் சேருங்கள்.

இலையைக் குழாயில் சிறு மணிகளோடு குலுக்கி மாவாக்குங்கள். 65 டிகிரியில் சூடேற்றிய பஃபர் 700 மைக்ரோலிட்டர் ஊற்றி, அதே சூட்டில் ஒரு மணி நேரம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஆறியபின் குளோரோஃபார்ம் ஐசோஅமைல் ஆல்கஹால் 24:1 கலவை அதே அளவு சேர்த்து ஐந்து நிமிடம் மெல்லக் கலக்கி, 12,000 ஜி வேகத்தில் பத்து நிமிடம் சுற்றுங்கள். மேலடுக்கில் 500 மைக்ரோலிட்டர் மட்டும் எடுங்கள். நடுவிலுள்ள வெள்ளைப் படலத்தைத் தொடும் ஆசை வேண்டாம். கடைசி 50 மைக்ரோலிட்டருக்காக மொத்தத்தையும் கெடுப்பது அங்கேதான். மேலடுக்கு இன்னும் பழுப்பாக இருந்தால் குளோரோஃபார்ம் சுற்றை இன்னொரு முறை செய்யுங்கள்.

குளிர்ந்த ஐசோபுரோபனால் மூன்றில் இரண்டு பங்கு சேர்த்து உறைபெட்டியில் அரைமணி. சுற்றி, 70 சதவீத எத்தனாலில் இரண்டு முறை கழுவி, எத்தனால் வாசம் போகும்வரை உலர்த்தி, 50 மைக்ரோலிட்டர் டிஇ பஃபரில் கரையுங்கள். எலும்புபோல் காயவிட்டால் கரைய மறுக்கும்.

கவிழ்த்தால் மூக்கொழுகல் போல நூலாக வந்தால் பாலிசாக்கரைடு. அடுத்த முறை சிடிஏபிக்கு முன் சார்பிட்டால் பஃபரில் இலைமாவை இரண்டு முறை அலசி ஊற்றிவிடுங்கள்; மரப்பெரணிக்கு இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒளி உறிஞ்சலால் தூய்மை அளக்கும் நானோடிராப் கருவியில் 260/280 விகிதம் 1.8க்கு அருகில் இருந்தும் 260/230 ஒன்றுக்குக் கீழே இருந்தால் பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் வினை) ஓடாது என்று இப்போதே எதிர்பாருங்கள். நானோடிராப் காட்டும் செறிவையும் நம்பவேண்டாம், சாயத்தையும் டிஎன்ஏவாகக் கணக்கில் எழுதிவிடும். டிஎன்ஏவை மட்டும் கணக்கிடும் கியூபிட்டில் அளந்துகொள்ளுங்கள்.

எந்த மரபணு, எந்த பிரைமர்

பெரணியில் பழகிய குதிரை ஆர்பிசிஎல், ஒளிச்சேர்க்கை நொதியான ரூபிஸ்கோவின் பெரிய பகுதிக்கான பசுங்கணிக மரபணு. சுமார் 1300 காரம் (டிஎன்ஏ எழுத்து) படிக்கலாம், இடைவெளி விழாது, ஒப்பிட ஆயிரக்கணக்கான வரிசைகள் இருக்கின்றன. பேரினங்களுக்கிடையிலான உறவுக்குக் கச்சிதம். நெருங்கிய இனங்களைப் பிரிக்க அது மெதுவாக மாறுவது. கூடவே பசுங்கணிகத்தின் டிஆர்என்எல்-எஃப் இடைப்பகுதியைச் சேருங்கள்.

பூக்கும் தாவரங்களின் டிஎன்ஏ பார்கோடில் (இனத்தை அடையாளம் காட்டும் குறுவரிசை) ஆர்பிசிஎல்லோடு மேட்கே என்ற மரபணு ஜோடி. பெரணியில் அந்த ஜோடி முறிகிறது. பெரும்பாலான மெல்லுறைப் பெரணிகளில் பசுங்கணிக மரபணுத்தொகை திரும்பி மடிந்து, மேட்கேவைச் சூழ்ந்த டிஆர்என்கே மரபணுவே தொலைந்துபோனது. பிரைமர் ஒட்டும் இடம் அதுதான் என்பதால் பொது பிரைமர்கள் காலியாகத் திரும்பும். டிஆர்என்எல்-எஃப் பகுதிக்கும் 1991இல் டபெர்லே குழு தந்த 'சி' பிரைமர் பெரணிக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. அதற்குப் பதில் 2002இல் ட்ரூயிக் குழு தந்த 'ஃபெர்ன்-1' பிரைமரை 'எஃப்' உடன் ஜோடி சேருங்கள். உட்கருவின் ஐடிஎஸ் பகுதியைப் பெரணிக்குத் தவிர்ப்பதே என் பரிந்துரை: பொது பிரைமர் பலமுறை இலைமேல் குடியிருக்கும் பூஞ்சையைத்தான் பெருக்கித் தரும்.

25 மைக்ரோலிட்டர் பிசிஆருக்கு: இரட்டைச் செறிவு மாஸ்டர் மிக்ஸ் 12.5, 10 மைக்ரோமோலார் பிரைமர் தலா 1, மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் பிஎஸ்ஏ 0.5, டிஎன்ஏ 1, தண்ணீர் 9. 94 டிகிரியில் மூன்று நிமிடம். பிறகு 94இல் 45 விநாடி, 50இல் 45 விநாடி, 72இல் ஒன்றரை நிமிடம் என 35 சுற்று. கடைசியில் 72இல் பத்து நிமிடம். டிஎன்ஏ இல்லாத வெறும் தண்ணீர்க் குழாய் ஒன்று ஒவ்வொரு முறையும் ஓட வேண்டும்.

ஜெல்லில் ஓட்டிப் பார்த்து டிஎன்ஏ பட்டை வரவில்லையென்றால் டிஎன்ஏவைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். பத்தில் ஒன்று, ஐம்பதில் ஒன்று என்று நீர்க்கவைத்த குழாய்களை வரிசையாக ஓட்டுங்கள். பெரணியில் பிசிஆர் தோற்பதற்குப் பெரும்பாலும் டிஎன்ஏ போதாமை காரணமல்ல, கூட வந்த ஃபீனால்தான். நீர்க்கவைத்தும் வராவிட்டால் டிஎன்ஏ துண்டாகியிருக்கும். பழைய ஹெர்பேரிய இலையில் இது வழக்கம். 300, 400 காரத் துண்டுகளாக உள் பிரைமர் வைத்து எடுங்கள். இரண்டு பட்டை வந்தால் ஒட்டும் வெப்பநிலையை இரண்டிரண்டு டிகிரியாக ஏற்றுங்கள். தண்ணீர்க் குழாயில் பட்டை தெரிந்தால் அன்றைய எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புது பிரைமரோடு தொடங்குவதுதான் மலிவு.

வரிசையைப் படித்து அடுக்குவது

சாங்கர் வாசிப்பு ஒருபுறத்திலிருந்து 700 முதல் 900 காரம் நம்பகமாக வரும். இரண்டு புறமும் வாசிக்கச் சொல்லுங்கள். பசுங்கணிக வரிசையில் ஒரே இடத்தில் இரட்டை முகடு தெரிந்தால் முதல் சந்தேகம் கலப்படம்: பக்கத்துப் பெரணியின் ஸ்போர், அல்லது பக்கத்துக் குழாய். உட்கரு மரபணுவில் அதே இரட்டை முகடு நல்ல செய்தியாக இருக்கலாம். இரு பெற்றோரின் பிரதியும் ஒன்றாக ஓடுகிறது.

முதலில் ஜென்பேங்க்கோடு ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட்டில் போட்டுப் பாருங்கள். பெரணி என்று எடுத்த மாதிரி பாசியாக வந்தால் துடைக்காமல் விட்ட இலை.

வரிசைகளை ஒன்றின்கீழ் ஒன்றாகப் பொருத்தி அடுக்குவதற்கு மாஃப்ட் மென்பொருள், கண்ணால் சரிபார்க்க அலிவியூ. ஆர்பிசிஎல்லில் மூன்றின் மடங்கல்லாத இடைவெளி வந்தால் அது வாசிப்புப் பிழை. வாசிப்பின் முகடு வரைபடமான குரோமட்டோகிராமைத் திறந்து அந்த இடத்தைப் பாருங்கள். நடுவே புரத ஆக்கத்தை நிறுத்தச் சொல்லும் ஸ்டாப் கோடான் தெரிந்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். பெரணிப் பசுங்கணிகத்தில் ஆர்என்ஏ திருத்தம் மிகுதி. அடியாண்டம் கேப்பிலஸ் வெனெரிஸ் பசுங்கணிகத்தில் 350 திருத்த இடங்கள் பதிவாகியுள்ளன. சி யுவாக மாறுவதோடு, யு சியாக மாறுவதும் உண்டு. டிஎன்ஏவில் ஸ்டாப்பாகத் தெரிவது ஆர்என்ஏவில் சரியாகிவிடலாம். குரோமட்டோகிராம் தெளிவாக இருந்தால் அந்தக் காரத்தை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள்.

டிஆர்என்எல்-எஃப் இடைவெளி நிறைந்தது. பேரினத்துக்குள் அடுக்கலாம்; தூரக் குடும்பங்களோடு சேர்த்தால் அடுக்கல் வெறும் ஊகம். கண்ணுக்குச் சந்தேகமான பகுதியை வெட்டுங்கள், வெட்டிய எல்லையை எழுதி வையுங்கள்.

மரம் வரைவது

ஆர்பிசிஎல்லை மூன்று கோடான் நிலையாகப் பிரித்து, டிஆர்என்எல்-எஃப்ஐத் தனிப் பகுதியாக வைத்து மரம் கணிக்கும் ஐக்யூ-ட்ரீ மென்பொருளில் போடுங்கள். மாடலை அதுவே தேர்ந்தெடுத்து, ஒத்த பகுதிகளை இணைக்கட்டும். கிளைகளின் நம்பகத்தை அளக்க அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப் 1000, எஸ்ஹெச்-ஏஎல்ஆர்டி 1000. முதலாவது 95க்கும் இரண்டாவது 80க்கும் மேலே உள்ள கணுவை (கிளை பிரியும் இடத்தை) நம்பலாம். பழைய பூட்ஸ்ட்ராப்பின் 70 என்ற அளவுகோலை அல்ட்ராஃபாஸ்டுக்குப் போடுவது அடிக்கடி பார்க்கும் தவறு.

பேய்சிய முறையில் மரம் கணிக்கும் மிஸ்டர்பேயஸ் ஓட்டுவதென்றால் இரண்டு ஓட்டம், தலா நான்கு சங்கிலி, ஒரு கோடி தலைமுறை, ஆயிரத்துக்கு ஒரு மாதிரி, முதல் கால்பங்கைக் கழித்துவிடுங்கள். இரு ஓட்டங்களின் விலக்கம் 0.01க்குக் கீழும், எல்லா அளவுருவின் இஎஸ்எஸ் (ஒன்றையொன்று சாராத மாதிரிகளின் எண்ணிக்கை) 200க்கு மேலும் வராமல் மரத்தைத் திறக்காதீர்கள். இரு மென்பொருளும் வெவ்வேறு உறவைக் காட்டினால், அதுவும் இரண்டிலும் ஆதரவு பலமாக இருந்தால், ஏதோ ஒரு வரிசை கெட்டிருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

மெல்லிலைப் பெரணிகளில் ஒரு பிரிவும் விட்டேரியா கூட்டமும் வேகமாக மாறுபவை, மரத்தில் நீண்ட கிளையாக நிற்கும். மரப்பெரணிகள் ஆமை வேகம். நீண்ட கிளைகள் இரண்டு ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். இடையிலுள்ள இனங்களைச் சேர்த்துக் கிளையை உடைப்பதுதான் மருந்து.

தகப்பனைத் தேடுவது

இதற்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடரை விடத் தெளிவான பாடம் இல்லை. அங்கே ஆஸ்பிளீனியம் என்ற பெரணிப் பேரினத்தின் மூன்று இருமடிய இனங்கள்: மொன்டானம், பிளாட்டிநியூரான், ரைசோஃபில்லம். மூன்றுக்கும் தலா 72 குரோமோசோம். மொன்டானமும் பிளாட்டிநியூரானும் சேர்ந்து பிராட்லியை. மொன்டானமும் ரைசோஃபில்லமும் சேர்ந்து பின்னாட்டிஃபிடம். பிளாட்டிநியூரானும் ரைசோஃபில்லமும் சேர்ந்து எபெனாய்டிஸ். இதன் செடிகள் பொதுவாக மலடு, அலபாமாவில் ஒரே இடத்தில் குரோமோசோம் இரட்டித்து வளமாகியிருக்கிறது. இந்த முக்கோணத்தை 1954இல் பெரணி ஆய்வாளர் ஹெர்ப் வாக்னர் இலை வடிவத்தையும் குரோமோசோமையும் வைத்தே வரைந்துவிட்டார். 1963இல் ஸ்மித்தும் லெவினும் இலைச்சாயங்களின் குரோமட்டோகிராஃபியால் அதை உறுதி செய்தார்கள். 1985இல் வெர்த் குழு ஐசோசைம் நொதிகளால் உறுதி செய்தது. மூன்று தலைமுறைச் சாட்சியும் ஒத்துப்போனது.

இப்போது இந்த ஆறையும் ஆர்பிசிஎல்லில் மட்டும் போட்டால் என்ன ஆகும்? மரத்தில் முரண்பாடு எதுவும் தெரியாது. ஒவ்வொரு கலப்பினமும் தன் தாயினத்தோடு கச்சிதமாக ஒட்டிக்கொண்டு, பூட்ஸ்ட்ராப் நூறு வாங்கி நிற்கும். பொய் இவ்வளவு ஒழுங்காக உடுத்திவரும் என்பதுதான் ஆபத்து.

ஆகவே இரு பெற்றோரிடமிருந்தும் வரும் ஒற்றைப் பிரதி உட்கரு மரபணு வேண்டும். பிஜிஐசி, கேப்சிபி ஆகியவை பெரணியில் நன்றாகப் பழகியவை. நான்மடியத்திலிருந்து பெருக்கினால் இரு பெற்றோரின் பிரதியும் கலந்து வரும், பிரிக்க வேண்டும். பழைய வழி குளோனிங்: ஒரு மாதிரிக்குப் பதினாறு காலனியாவது எடுங்கள். எட்டில் நிறுத்தினால், ஒரு பிரதி குறைவாகப் பெருகியிருந்தால் அது கண்ணில் படாமலே போகலாம். புது வழி, மாதிரிக்கு ஓர் அடையாளக் குறிவரிசை ஒட்டி எல்லாவற்றையும் ஒன்றாக பேக்பயோ நீள் வாசிப்பில் ஓட்டுவது. அப்படி வந்ததைப் பிரிக்கவே 2017இல் பியூஆர்சி என்ற நிரல்தொகுப்பு, பெரணிகளை வைத்தே, உருவாக்கப்பட்டது.

எந்த வழியானாலும் ஒரு பிசாசு காத்திருக்கும்: பாதித் தாய், பாதித் தகப்பன் என்று பிசிஆர் குழாய்க்குள்ளேயே ஒட்டுப்போட்ட போலிப் பிரதி. பாதியில் நின்ற இழை அடுத்த சுற்றில் வேறு பிரதிமேல் ஏறி முடிவதால் உண்டாவது. சுற்றை 35இலிருந்து 28க்குக் குறைத்து, நீட்டல் நேரத்தை இரண்டு மூன்று நிமிடமாக்கி, துல்லியப் பாலிமெரேஸ் போட்டால் வெகுவாகக் குறையும். ஒரே ஒரு குளோனில் மட்டும் தெரியும் 'புது' பிரதியை நம்பாதீர்கள்.

பிரதிகளைத் தனித்தனி நுனியாக வைத்து மரம் வரையுங்கள். நான்மடியம் இரண்டு இடத்தில் தோன்றும். இரண்டிடமும் இரண்டு இருமடிய இனங்களின் பக்கத்தில் என்றால் பெற்றோர் தெரிந்துவிட்டது. பசுங்கணிகம் ஒட்டிய பக்கம் தாய், மற்றது தகப்பன். இரண்டு பிரதியும் ஒரே இனத்துக்குள் அடங்கினால் தன்னிரட்டிப்பாக இருக்கலாம். ஒரு பிரதி எவரோடும் ஒட்டாமல் தனியே நின்றால், அந்தப் பெற்றோர் உங்கள் மாதிரியில் இல்லை, அல்லது அழிந்துவிட்டது.

பெரணிகள் கலப்பதில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சிஸ்டோகார்ப்பியம் சாட்சி. பிரெஞ்சு பைரனீஸ் மலையில் கிடைத்த இந்தக் கலப்பினத்தின் பெற்றோர், சிஸ்டாப்டெரிஸும் ஜிம்னோகார்ப்பியமும், ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை என்று 2015இல் காட்டப்பட்டது. 'வேறு பேரினம், கலக்காது' என்று எந்தப் பெற்றோரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

நூற்றுக்கணக்கான உட்கரு மரபணு வேண்டுமென்றால் முழு மரபணுத்தொகையை வாசிக்கும் யோசனையை விடுங்கள். டிமிசிப்டெரிஸ் ஒப்லான்சியோலேட்டா என்ற நியூ கலிடோனியப் பெரணியின் மரபணுத்தொகை 16,000 கோடிக் காரங்கள் என்று 2024இல் அளந்தார்கள், மனிதனுடையதைப் போல் ஐம்பது மடங்கு. தூண்டில் போட்டுத் தேவையானதை மட்டும் பிடிக்கும் டார்கெட் கேப்சரே வழி. பூக்கும் தாவரங்களுக்கான 353 மரபணுத் தூண்டில் இங்கே உதவாது. பெரணி, மாஸ் பாசிகளை உள்ளடக்கி வடிவமைத்த கோஃப்ளாக் 451ஐப் பாருங்கள். வாசிப்பை ஹைப்பைப்பரில் ஒன்றுசேர்க்கும்போது பாராலாக் (ஒரே மரபணுவின் பல பிரதி) எச்சரிக்கைக் கோப்பைக் கட்டாயம் திறங்கள். பன்மடியத்தில் அந்நிரல் ஒரு பிரதியைத் தேர்ந்தெடுத்து மற்றதை ஓரங்கட்டும். தகப்பன் மறுபடியும் தொலைவது அங்கேதான். பின் ஒவ்வொரு மரபணுவுக்கும் தனி மரம் வரைந்து ஆஸ்ட்ரலில் இன மரமாகத் தொகுங்கள்.

மரபணு மரமும் இன மரமும் ஒன்றல்ல என்பதற்குக் கலப்பினம்கூட வேண்டியதில்லை. மங்கலான காட்டுத்தரையில் ஒளியை உணரப் பெரணிகளுக்கு உதவும் நியோகுரோம் மரபணு ஹார்ன்வோர்ட் என்ற பாசிபோன்ற தாவரத்திலிருந்து ஏறத்தாழ 17.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தாவிவந்தது என்று 2014இல் ஃபே-வெய் லி குழு காட்டியது. அந்த ஒரு மரபணுவை வைத்து மரம் போட்டவர், பெரணியை ஹார்ன்வோர்ட்டின் பிள்ளை என்று எழுதியிருப்பார்.

காலம் கணிப்பது

புதைபடிவம் தருவது குறைந்தபட்ச வயது மட்டும். 10 கோடி ஆண்டு இலை கிடைத்தால் அந்தக் குடும்பம் அதற்கு முன்பே இருந்தது என்றுதான் பொருள். அதனால் கீழெல்லை கடுமையாகவும் மேலெல்லை நீளும் வாலாகவும் லாக்நார்மல் பரவலைக் கொடுங்கள். இன்றுள்ள இனங்களின் பொதுப் பண்பு படிவத்தில் தெரியாவிட்டால் அதைக் கிரீடக் கணுவில் (இன்றுள்ள இனங்களின் பொது மூதாதை) ஏற்றாதீர்கள். அடித்தண்டுக் கணுவில் (அக்கூட்டம் உறவினரிடமிருந்து பிரிந்த இடம்) வையுங்கள். இந்த ஒரு தவறு மொத்த மரத்தையும் சில கோடி ஆண்டு பின்னே தள்ளிவிடும்.

படிவத்தின் தரம் பார்த்து எடுங்கள். சுவீடனின் கோர்சரோடில் கிடைத்த ஜுராசிக் கால ராஜபெரணித் தண்டில் செல் உட்கருவும் பிரியும் குரோமோசோமும்கூடத் தெரிகின்றன, வயது ஏறத்தாழ 18 கோடி. அப்படிப்பட்ட ஒன்று, நரம்பு மங்கிய இலைத் தடங்கள் பத்துக்குச் சமம்.

காலம் கணிக்கும் பீஸ்ட் 2 மென்பொருளில் தளர்ந்த கடிகாரம் (கிளைக்குக் கிளை வேகம் மாறலாம் என்ற மாடல்) வையுங்கள். மரப்பெரணியும் விட்டேரியாவும் ஒரே வேகத்தில் நடக்கமாட்டார்கள். உண்மையான ஓட்டத்துக்கு முன் வரிசைகளே இல்லாமல், எல்லைகளை மட்டும் வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். அதில் வரும் வயதும் தரவோடு வரும் வயதும் ஒன்றாகவே இருந்தால் உங்கள் டிஎன்ஏ எதுவும் சொல்லவில்லை, நீங்கள் வைத்த எல்லைகள்தான் பேசுகின்றன. சில நூறு இனங்களைத் தாண்டினால் பீஸ்ட் வாரக்கணக்கில் இழுக்கும், ட்ரீபிஎல்லுக்கு மாறுங்கள்.

2004இல் ஷ்னைடர் குழு இப்படிக் கணித்துத்தான், இன்றைய பெரணிகளில் பெரும்பகுதி பூக்கும் தாவரங்களுக்கு முன்னால் அல்ல, அவற்றின் நிழலில் கிளைத்தவை என்று சொன்னது.

எல்லாம் முடிந்ததும் வரிசைகளை ஜென்பேங்க்கில் ஏற்றும்போது ஹெர்பேரிய எண், இடம், ஸ்போர் எண்ணிக்கை, மடிய நிலை நான்கையும் குறிப்பில் எழுதுங்கள். உட்கருப் பிரதிகளைத் தனித்தனி எண்ணில் ஏற்றுங்கள். ஒன்றாக்கி இரட்டைக் குறியீட்டு எழுத்துகளோடு ஏற்றினால் மீண்டும் பிரிக்க முடியாது. மிச்ச டிஎன்ஏ மைனஸ் 80இல், மிச்ச இலை புது சிலிகாவோடு இருட்டில்.